எடைமேடையில் மூன்று வருடம் ஓடிய யூஎஸ்பி சீரியல் கேபிள்

பேட்டையில் அத்தான் நடத்தும் எடைமேடைக்கு 2022-இல் இந்தக் கேபிளை வாங்கிக் கொடுத்தேன். லாரி எடையைக் காட்டும் இண்டிகேட்டரில் இருப்பது ஒன்பது பின் சீரியல் போர்ட். புதுக் கம்ப்யூட்டரில் அது கிடையாது. அதனால் நடுவில், சீரியலை யூஎஸ்பியாக மாற்றும் இந்த சிஎச்340 சிப் கேபிள். மலிவுதான், தொல்லையும் கூடவே வந்தது.

விண்டோஸில் இருந்தவரை ஒரே தொல்லை. அறையைப் பெருக்குகிற யாராவது கேபிளைப் பிடுங்கி வேறு ஓட்டையில் செருகிவிடுவார்கள். விண்டோஸ் இந்தக் கேபிளுக்கு வைத்த போர்ட் பெயர் காம்3 என்பது காம்5 ஆகிவிடும். பில் போடும் சாப்ட்வேர் காம்3-லேயே காத்துக் கிடக்கும். இந்த சிப்புக்குத் தனி சீரியல் எண் கிடையாது என்பதால் ஒவ்வொரு ஓட்டையிலும் விண்டோஸ் இதைப் புது ஆளாகவே நினைக்கும். சரியான ஓட்டைக்குப் பக்கத்தில் நெயில் பாலிஷில் பொட்டு வைத்தேன், தீர்ந்தது.

கம்ப்யூட்டரை விண்டோஸிலிருந்து உபுண்டு 22.04 என்கிற லினக்ஸுக்கு மாற்றியதும்தான் ஒரு பகல் முழுக்கப் போனது. செருகியதும் டிடிஒய்யூஎஸ்பி0 என்று லினக்ஸ் கேபிளுக்கு வைக்கும் பெயர் வரும், அடுத்த நொடியே காணாமல் போகும். "மாப்ள, வெளிய மூணு வண்டி நிக்கி, கையில எழுதிரவா?" என்று அத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். கேபிள் செத்துவிட்டது என்றே நினைத்தேன். லினக்ஸ் உள்ளே நடப்பதைக் குறித்து வைக்கும் கெர்னல் பதிவைப் பார்த்தால், பிஆர்எல்டிடிஒய் என்கிற நிரல் இதைப் பிடுங்கிக்கொள்கிறது. பார்வையற்றோருக்கான பிரெயில் கருவிகளை இயக்கும் நிரல் அது. சில பிரெயில் கருவிகளுக்கும் இதே 1ஏ86:7523 அடையாள எண்தான். அங்கே பிரெயில் கருவி எதுவும் இல்லாததால் நிரலை நீக்கினேன். அப்புறம் அனுமதி இல்லை என்றது. சீரியல் போர்ட்டைத் தொட அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் பயனரைச் சேர்த்து, லாக்அவுட் செய்து திரும்ப வந்ததும் எடை ஓட ஆரம்பித்தது.

போன மழைக்காலத்தில், செருகியிருக்கும் யூஎஸ்பி கருவிகளைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி பட்டியலிலேயே கேபிள் இல்லை. ஆனால் அதன் சிவப்பு விளக்கு எரிகிறது! அந்த விளக்கு 5 வோல்ட் வருவதை மட்டும்தான் சொல்லும். டேட்டா போவது பச்சை, வெள்ளை வயர்களில். எக்ஸ்டென்ஷன் வயரை விரல் வைத்துத் தடவிக்கொண்டே போனால், மேசைக்கடியில் எலி பச்சையை மட்டும் கடித்திருந்தது. புது வயரை பிவிசி பைப்புக்குள் விட்டேன். கேபிள் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒன்பது பின் பக்கத்தில் டேட்டா வாங்கும் 2-ஆம் பின்னையும் அனுப்பும் 3-ஆம் பின்னையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்து டெர்மினலில் தட்டினேன். தட்டியது அப்படியே திரும்பி வந்தது.

அடுத்து வாங்கினால் எஃப்டி232 சிப் வைத்ததாக வாங்குவேன், தனி சீரியல் எண்ணோடு வரும். விலை கூடுதல்தான். அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை.