மிஷனில் மகன், வாரம் ஒரு அழைப்பு: ஒன்றரை வருஷம் பழகிய பிறகு

இங்கே அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் எங்கள் பக்கத்துத் தெரு நண்பர் கோயம்புத்தூர்க்காரர். குடும்பமே பல வருஷமாக மார்மன் என்கிற கிறிஸ்தவ சபையில் இருக்கிறது. அவர் மகனுக்குப் பிரேசிலுக்கு மிஷன் அழைப்பு, அதாவது அங்கே போய்ச் சபைக்காக ஊழியம் செய்யச் சொல்லி உத்தரவு, வந்திருக்கிறது. "உங்க பையன் போய் ஒன்றரை வருஷம் ஆகப்போகுதுங்களே, பேசிக்கிறதெல்லாம் எப்படிங்க?" என்று கேட்டார். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பதில் எனக்கே பிடிக்காமல் போய்விட்டது. சரியான பதில் கொஞ்சம் நீளம்.

அடிப்படை விவரங்கள் யூட்டாவில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களுக்காக வேகமாகச் சொல்கிறேன். பையன்கள் 18 வயதிலிருந்து போகலாம். 2012 வரைக்கும் 19. மொத்தம் 24 மாதம். எந்த ஊர், எந்த மொழி என்பதைச் சபைத் தலைமை முடிவு செய்யும். எங்கள் வீட்டுக்கு வந்தது பிலிப்பைன்ஸின் செபு தீவு, செபுவானோ மொழி. மாதம் 500 டாலர் நாம் கட்ட வேண்டும். டோக்கியோ போனாலும் செபு போனாலும் அதே தொகைதான். வாரத்தில் ஒரு நாள் 'பி-டே', அதாவது ஆயத்த நாள். துணி துவைப்பு, கடைகண்ணி, முடிவெட்டு, வீட்டோடு பேச்சு எல்லாம் அன்றைக்கு. எங்கள் பையனுக்கு அது திங்கட்கிழமை. அழைப்பு அந்தப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். இங்கிருந்து நாம் போட்டுப் பேசுகிற ஏற்பாடு இல்லை.

குறை சொல்ல எனக்கு வாயில்லை என்பது என் மனைவியின் கட்சி. அவள் யூட்டாவிலேயே ஐந்தாவது தலைமுறை மார்மன். நான் பாளையங்கோட்டை சி.எஸ்.ஐ.; ஞாயிறுதோறும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவேன், ஆனால் சபையில் சேரவில்லை. அவள் அண்ணன் 1980-களில் நார்வேயில் மிஷன் செய்தவர். வருஷத்துக்கு இரண்டே அழைப்பு: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். மற்றதெல்லாம் கடிதம். மாமியார் வீட்டில் ஒரு மரப்பெட்டி நிறைய அந்தக் கடிதங்கள் இன்னும் இருக்கின்றன. இந்த வழக்கம் பிற்பாடு மின்னஞ்சல் வந்தும் மாறவில்லை; அழைப்பு இரண்டோடு நின்றது. 2019 பிப்ரவரி 15 அன்றுதான் வாரம் ஒருமுறை போனிலோ வீடியோவிலோ பேசிக்கொள்ளலாம் என்று தலைமை அறிவித்தது. "எங்கம்மாவுக்கு இதெல்லாம் கிடைக்கலை. உனக்கு வாராவாரம் முகம் தெரியுது, இன்னும் என்ன வேணும்?" என்கிறாள். நியாயம்தான். மறுக்கவில்லை.

ஆனாலும் ஆரம்பமே எனக்குச் சரியாக இறங்கவில்லை. செபுவுக்குப் போகுமுன் அவன் மொழி படித்தது ப்ரோவோ பயிற்சி மையத்தில். எங்கள் வீட்டிலிருந்து காரில் அரைமணி நேரம். போய்ப் பார்க்கக் கூடாது. ஆபீஸ் வேலையாக அந்த ஊரைத் தாண்டிப் போகும்போதெல்லாம் நெடுஞ்சாலையிலிருந்து அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். அரைமணி தூரத்தில் இருக்கிற பிள்ளையோடு வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுவதைவிட ஏழு கடல் தாண்டி இருப்பவனோடு பேசுவது மனசுக்கு எளிதாக இருந்தது. இது ஏன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

நேரக் கணக்கு அமைந்ததைப் பாராட்டியே ஆக வேண்டும். செபுவில் திங்கள் காலை எட்டு மணி என்றால் பாளையங்கோட்டையில் இருக்கிற என் அம்மாவுக்கு அதிகாலை ஐந்தரை. எங்களுக்கு ஞாயிறு மாலை ஆறு, குளிர்காலத்தில் ஐந்து. கடிகாரத்தை முன்னே பின்னே தள்ளுகிற வேலை அமெரிக்காவுக்குத்தான், அவர்கள் இரண்டு பேருக்கும் கிடையாது. அம்மா எப்படியும் நாலரைக்கே எழுந்துவிடுகிறவள். காபி குடித்து, ஜெபம் முடித்து, அக்கா மகள் டேப்லெட்டை முன்னால் வைத்ததும் தயாராகிவிடுவாள். கூகுள் மீட்டில் மூன்று நாடும் ஒரே நேரத்தில் வந்துவிடும். நடுவில் ஒருமுறை ஜீப்னியில் (அந்த ஊர் மினி பஸ்) போகும்போது மழையில் நனைந்து அவன் போன் செத்துப்போனது. ரிப்பேர் ஆகி வரும் வரைக்கும் கூட இருந்த எல்டரின் (ஆண் மிஷனரிகளை அப்படித்தான் அழைப்பார்கள்) போனில் பேசினான். போன வாரம் வரைக்கும் ஒரு வாரமும் தப்பவில்லை. கருவி, இணைப்பு, ஏற்பாடு, எதிலும் குறையில்லை.

என் எரிச்சல் அந்த வாராந்தரக் கடிதத்தின் மேல்.

பி-டே அன்று அவன் மின்னஞ்சலில் ஒரே கடிதமாக எழுதி, உறவு, நட்பு, வார்டில் (எங்கள் பகுதிச் சபையில்) இருப்பவர்கள், பள்ளிக்கூட ஆசிரியர்கள் என்று ஒரு பெரிய பட்டியலுக்கே அனுப்புவான். எல்லா மிஷனரிகளும் இப்படித்தான். தலைப்பில் ஒரு சிலேடை. முதல் வரியில் "அற்புதமான வாரம்!" பிறகு யாரைச் சந்தித்தார்கள், என்ன தின்றார்கள், கடல் ஓரத்தில் ஒரு சூரிய அஸ்தமனம், தெருநாயோடு ஒரு படம். முடிவில் விசுவாச சாட்சி ஒரு பத்தி. கையெழுத்து 'எல்டர்' என்று தொடங்கி என் பெயர். நம் வழக்கப்படி அப்பா பெயரைத்தானே கடைசிப் பெயராகப் போட்டோம்? கறுப்பு பேட்ஜில் வெள்ளை எழுத்தில் என் பெயரைக் குத்திக்கொண்டு நடக்கிறான். செபுவில் சின்னப் பிள்ளைகள் வரைக்கும் அவனை என் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். இது பெருமையா என்று கேட்டால், பெருமைதான். எரிச்சல் கணக்கில் இதைச் சேர்க்கவில்லை.

கடிதத்தில் பொய் ஒன்றும் இருக்காது. செய்தியும் இருக்காது. பரிசுப் பொட்டலத்துக்குச் சுற்றுகிற ஜிகினாத் தாள் மட்டும் வாராவாரம் தபாலில் வருகிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்ததும் வார்டில் யாராவது வந்து தோளைத் தட்டி, "உங்க மகன் எழுதினது ரொம்ப உற்சாகமா இருந்தது" என்பார்கள். என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரிந்ததும் அவருக்குத் தெரிந்ததும் ஒரே அளவு. அந்த இடத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

2025 செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமை. செபுவின் வடக்கே போகோ நகரத்துப் பக்கம் 6.9 அளவில் நிலநடுக்கம். அங்கே இரவு பத்து மணி, இங்கே காலை எட்டு. ஆபீஸ் வாசலில் காரை நிறுத்திவிட்டு போனைப் பார்த்தால் செய்தி. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள் என்பது பிறகு தெரிந்தது. நல்லவேளை, நடுக்காலைக்குள் மிஷன் தலைவரிடமிருந்து எல்லாப் பெற்றோருக்கும் செய்தி வந்துவிட்டது: மிஷனரிகள் அனைவரும் பத்திரம். கொஞ்ச நேரத்தில் அவனே இரண்டு வார்த்தை அனுப்பினான். பதற்ற நேரத்தில் இந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்தது, அதை மறைக்க மாட்டேன். அடுத்த திங்கள் கடிதத்தைத் திறந்தால் பூமி "கொஞ்சம் நடனமாடியது" என்று எழுதியிருக்கிறான். அதற்குக் கீழே மாம்பழம் தின்கிற படம். நவம்பர் 4-ஆம் தேதி டீனோ புயல் வந்து செபுவில் வீடும் காரும் வெள்ளத்தில் மிதந்தபோது வந்த கடிதத்தின் தலைப்பு: "ஈரமான வாரம்".

சரி, வீடியோவில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்றால், அங்கே துணை எல்டர் இருக்கிறார். மிஷனரிகள் இருவராகத்தான் இருக்க வேண்டும். ஒருவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் இடத்தில் மற்றவர். ஒரே அறையில், ஒரு மேஜை தள்ளி அவரும் தன் வீட்டோடு பேசிக்கொண்டிருப்பார். அந்தப் பையன்கள் எல்லாம் தங்கமானவர்கள்தான். ஆனால் பத்தொன்பது வயதுப் பையன் இன்னொரு பையன் காதுபட "எனக்குப் பயமா இருந்துச்சுப்பா" என்று சொல்வானா? எங்களிடம் ஆங்கிலத்தில் "எல்லாம் ஓகே" என்பான். கடிதத்தில் இருப்பதையே மறுபடி சொல்வான்.

இந்த இடத்தில்தான் நான் கொஞ்சமும் எதிர்பார்க்காதது நடந்தது.

இங்கே பிறந்து வளர்ந்த பையன். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லியே பதினெட்டு வயதை ஓட்டியவன். ஆச்சிக்கு, அதாவது என் அம்மாவுக்கு, ஆங்கிலம் வராது என்பதால் அவளோடு மட்டும் நாலு வார்த்தை: நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், சரி ஆச்சி. செபுவானோவைத் தெருத்தெருவாகத் தப்பும் தவறுமாகப் பேசிப் பேசி அவனுக்குக் கூச்சம் விட்டுப்போயிருக்க வேண்டும். நாலைந்து மாதத்தில் ஆச்சியிடம் தமிழ் தாராளமாக வர ஆரம்பித்தது. நடுவில் செபுவானோ வார்த்தைகள் வந்து விழும். அவளுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு பிளாஸ்டிக் வாளியில் சட்டை துவைப்பான். "காலர இப்படியா தேய்ப்ப? சோப்பப் போட்டு ஊற வையிய்யா மொதல்ல. உள்பக்கத்தத் திருப்பி வெயில்ல போடு, வெள்ள மங்காது" என்று பாளையங்கோட்டையிலிருந்து உத்தரவு வரும். நானும் மனைவியும் வாயை மூடிக்கொண்டு பார்ப்போம். மனைவிக்கு ஒரு வார்த்தை புரியாது, என்றாலும் அந்த நேரத்தில் எழுந்து போகமாட்டாள்.

நிலநடுக்கம் முடிந்த அந்தத் திங்கட்கிழமை, எங்களிடம் "ஓகே" சொல்லி முடித்தவன், ஆச்சி "என்ன ராசா, மொகம் வாடிக் கெடக்கு" என்று கேட்டதும் துவைப்பதை நிறுத்தினான். "ரெண்டு நைட் வெளியதான் தூங்கினோம் ஆச்சி. பாஸ்கெட்பால் கோர்ட்ல. வீட்டுக்குள்ள போனா திரும்பத் திரும்ப ஆடுது. எனக்கு உள்ள போகப் பயமா இருக்கு, இப்பவும்." மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த எல்டர் தன் அம்மாவிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த தகவல் அது ஒன்றுதான். புயலுக்குப் பிறகு வீடு வீடாகச் சேறு அள்ளியதும், அள்ளிய இடத்தில் பார்த்ததும் இதே வழியில்தான் வந்து சேர்ந்தன.

இன்னொன்று. வாராந்தர நாள் தவிர கிறிஸ்துமஸ், அன்னையர் தினம், தந்தையர் தினம், பெற்றோர் பிறந்தநாள், அந்தந்தக் குடும்பத்துக்கு முக்கியமான பண்டிகைகள் ஆகியவற்றுக்கும் பேசலாம் என்று 2019 அறிவிப்பிலேயே இடம் இருக்கிறது. இதைப் படித்துவிட்டுப் பொங்கல் எங்களுக்குப் பெரிய பண்டிகை என்று சொல்லி வைத்தேன். அவன் மிஷன் தலைவரிடம் கேட்டான், சரி என்றுவிட்டார். பொங்கல் வந்த வியாழக்கிழமை ஒரு அழைப்பு அதிகம். தீபாவளியையும் சேர்த்துக் கேட்கலாமா என்று ஒரு சபலம் வந்தது. "நீங்க சி.எஸ்.ஐ. தானே?" என்று மனைவி கேட்டதால் விட்டுவிட்டேன்.

இப்போது மதிப்பெண். வாரம் ஒரு அழைப்பு போதுமா என்று கேட்டால், போதும். தினம் பேசினால் அவன் அங்கே போனதற்கு அர்த்தமில்லை. எங்களுக்கும் பேச விஷயம் இருக்காது. நார்வே அண்ணனோடு ஒப்பிட்டால் இது ராஜவாழ்க்கை. மனைவி ஐந்துக்கு நாலரை கொடுக்கிறாள். என் அம்மாவைக் கேட்டால் ஐந்தையும் கொடுப்பாள். நான் இரண்டு கொடுக்கிறேன். போன வாரம் அவனுக்கு மாற்றல். ஆறு வாரத்துக்கொருமுறை வருகிற மாற்றல்தான். புது ஊரில் சிக்னல் இழுக்கவில்லை, அழைப்பு வரவில்லை, "அடுத்த வாரம் பேசறேன்" என்று ஒரு வரி மட்டும் வந்தது. கடிதம் மட்டும் எங்கிருந்து அனுப்பினானோ, நேரம் தவறாமல் வந்துவிட்டது. அற்புதமான வாரமாம். அடுத்த ஞாயிறு பேசிவிட்டால் மூன்றாக்குவேன்.

கோயம்புத்தூர் நண்பருக்கு: பாட்டிக்கு இப்போதே ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்துப் பழக்கிவிடுங்கள். உங்கள் பையனுக்குத் தமிழ் நன்றாகவே வருகிறது, அது போதும். பிரேசிலில் நேரக் கணக்குதான் உதைக்கும். சாவோ பாவ்லோ பக்கம் காலை எட்டு என்றால் கோடையில் நமக்கு அதிகாலை ஐந்து, கோவையில் மாலை நாலரை. பையன்கள் எழுந்ததும் பேசி முடித்துவிடப் பார்ப்பார்கள். பத்து மணிக்கு மேல் கூப்பிடு என்று கிளம்புவதற்கு முன்னாலேயே சொல்லி வைத்துவிடுங்கள். ஆனால் ரொம்பவும் தள்ளிப்போட விடாதீர்கள், அங்கே மத்தியானம் ஒன்று என்றாலே கோவையில் ராத்திரி ஒன்பதரை, பாட்டி தூங்கிப்போவார்கள்.