கருமாதிக்கு கூத்து வெச்சோம், கட்டியக்காரனுக்காகவே திரும்ப கூப்டலாம்

எங்க பக்கம் வயசாயி நல்லா வாழ்ந்து போனவங்க கருமாதிக்கு ராத்திரி கர்ண மோட்சம்னு கர்ணன் சாவற கதய தெருக்கூத்தா வெப்பாங்க, வடாற்காடு ஆளுங்களுக்கு தெரிஞ்சதுதான். தாத்தாவுக்காக ஆரணி பக்கத்துலருந்து ஒரு ஜமாவ, அதான் கூத்து கோஷ்டிய, அட்வான்ஸ் குடுத்து காட்பாடிக்கு கூட்டினு வந்தோம். பேர் வேணாம், கொறையும் சொல்லப்போறேன்.

கொறைய மொதல்ல முடிச்சிடறேன். 10 மணின்னாங்க, மேளம் அடிக்கவே 11:30 ஆச்சு. மைக் செட்டு கரகரன்னு முகவீணை (சின்ன நாயனம் மாதிரி ஊதறது) சத்தத்தயே முழுங்கிடுச்சு. கர்ணன் தோள்ல கட்டற புஜக்கட்டையில பாதி கண்ணாடிய காணோம்.

ஆனா ராசாங்கள அறிமுகம் பண்ணி, நடுநடுவுல சிரிக்க வெக்கற அந்த கட்டியக்காரர் இருக்காரே! சாயங்காலமே வந்து அத்தைகிட்ட ஒக்காந்து தாத்தா எப்டி பேசுவாரு, எதுக்கு கோவப்படுவாருன்னு டீ குடிச்சிகினே கேட்டுகினு இருந்தாரு, நாங்க இன்னாடா சும்மா பொழுது போக்கறாருன்னு நெனச்சோம். ராத்திரி திரைக்கு பின்னால கர்ண மகாராசா பாடிகினு இருக்கும்போது இவரு அரண்மனை காவக்காரனா நின்னுகினு "மகாராசா கொஞ்சம் இருங்க, மோட்டர நிறுத்திட்டு வந்துடறேன், கரண்டு பில்லு உங்க அப்பன் சூரியனா கட்டுவான்"னு ஒரு ஓட்டம் ஓடினாரு. இடுப்புல கைய வெச்சிகினு ஒரு பக்கமா சாஞ்சி ஓடற அந்த ஓட்டம் அப்டியே தாத்தா. பதினாறு நாளா அழுதுகினு இருந்த அத்த சிரிச்சிட்டு, திரும்ப அழுதுச்சு. தாத்தா பேர ஒரு வாட்டி கூட சொல்லல அவரு.

காலைல தேங்காண்ண தேச்சி அரிதாரம் கலைக்கும்போது கேட்டேன், எப்டிண்ணா ஆள புடிக்கறீங்கன்னு. "செத்தவங்கள அப்டியே செய்யலாம் தம்பி, கும்புடற மாதிரி. உசுரோட இருக்கறவன அப்டியே செஞ்சா அது நக்கலு, சண்டதான் வரும். மூணு ஊரு ஆளுங்கள கலந்து ஒருத்தனா செஞ்சிட்டா எவனும் கோச்சிக்க மாட்டான், பக்கத்து வூட்டுக்காரனத்தான் சொல்றான்னு சிரிப்பான்"னாரு.

அவர் கஷ்டம் வேற. குடிகாரன் வேஷம் நல்லா கட்டுவாராம், அதனால பையனுக்கு பொண்ணு பாக்க போன எடத்துல மொத கேள்வியே நீங்க குடிப்பீங்களான்னுதானாம், மனுஷன் பீடி கூட தொடறதில்ல. ராசா வேஷக்காரரு கிரீடத்த கழட்டினா பஸ்ல எவனுக்கும் தெரியாது, இவருக்கு மட்டும் மூஞ்சியே வேஷம், டீக்கடைல நின்னாலே "இன்னா கட்டியம், ஒண்ணு அவுத்து வுடு"ன்னு சின்ன பசங்க கூட கேப்பானுங்களாம். இத்தனைக்கும் ராசாங்க திரைக்கு பின்னால போயி கொஞ்சம் கண்ணசரலாம், விடியற வரைக்கும் நிக்கறவரு இவருதான், நடுவுல 50, 100 அன்பளிப்பு குடுக்கறவங்க பேர மைக்ல சொல்ற வேலையும் இவருதுதான். கோவம் வராதாண்ணான்னா, "வரும், அத அடுத்த ஊருல ஒரு வேஷமா கட்டிடுவேன்"னாரு.

ஒண்ணு மட்டும் எனக்கு ஒத்துக்கல. ரெண்டு மணிக்கு மேல ரெட்ட அர்த்தம் ஜாஸ்தி. கேட்டா எளவட்டம் அதுக்குத்தான் காசு குடுக்குதுன்றாரு, கை தட்டி பழக்கினது நாமதான், ஆனாலும் சாவு வூட்ல வேணாம், முன்னாடியே சொல்லிடுங்க.

புக் பண்றவங்க மைக் செட்டு தனியா புடிங்க. பங்குனி சித்திரைல திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துக்கு போயிடுவாங்க, ஆளு கெடைக்காது. எந்த ஜமாவா இருந்தாலும் ராசா யாருன்னு கேக்காதீங்க, கட்டியம் யாருன்னு கேட்டு அப்புறமா அட்வான்ஸ் குடுங்க.