எடைக்கல்லா, மாஸ்டர் கேஜா? பிரஷர் கேஜைச் சரிபார்க்க எது நல்லது

பிரஷர் கேஜைச் சரிபார்க்க இரண்டு வழிகள் பரவலாக உண்டு. ஒன்று, டெட் வெயிட் டெஸ்டரின் பிஸ்டன் மேல் எடைக்கற்களை அடுக்குவது. மற்றது, சோதிக்க வேண்டிய கேஜையும், ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் துல்லியமான டிஜிட்டல் மாஸ்டர் கேஜையும் ஒரே பம்பில் மாட்டி இரண்டையும் படிப்பது.

துல்லியம் என்றால் நான் எடைக்கல் பக்கம்தான். எடை விசையைப் பிஸ்டனின் பரப்பால் வகுத்தால் அழுத்தம். 1 சதுர செ.மீ. பிஸ்டன் மேல் 1 கிலோ என்றால் ஏறக்குறைய 0.98 பார். தளர்ந்துபோக ஸ்பிரிங் இல்லை. அதைவிட முக்கியம், டெஸ்டரின் பிழை பெரும்பாலும் அந்தந்த அளவின் சதவீதமாக இருக்கும். மாஸ்டர் கேஜில் பொதுவாக முழு அளவின் சதவீதம். 100 பார் கேஜில் 0.1% என்றால் எங்கும் 0.1 பார் பிழை வரலாம்; 10 பாரில் அதுவே 1%!

ஆனால் கல்லை வைத்ததும் அளவு சரியாகிவிடாது. பிஸ்டன் எண்ணெய் அழுத்தத்தில் மிதக்கும்போது கையால் மெல்லச் சுழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் உராய்வு எடையில் கொஞ்சத்தைத் தின்றுவிடும். பலரும் மறப்பது புவியீர்ப்பு. கற்கள் 9.80665 மீ/வி² என்ற நியம மதிப்புக்குச் செய்யப்பட்டிருந்தால், நிலநடுக்கோட்டருகே, 9.780 உள்ள இடத்தில், 100 பாருக்கான கற்கள் 99.73 பார்தான் தரும். திருத்தம் போடாமல் 0.25 வகுப்பு (முழு அளவில் 0.25% வரை பிழை அனுமதி உள்ள) கேஜைச் சோதித்தால், நல்ல கேஜையே பழுது என்று ஒதுக்கிவிடுவோம். கேஜ் பிஸ்டனைவிட 30 செ.மீ. உயரத்தில் இருந்தால் எண்ணெய்த் தம்பத்தால் சுமார் 0.025 பார் குறையும். 200 பாரில் அது பொருட்டல்ல, 2 பாரில் 1 சதவீதத்துக்கு மேல். காற்றின் மிதப்பு விசை 0.015% அளவுதான், அன்றாட வேலைக்கு விட்டுவிடலாம்.

மாஸ்டர் கேஜில் இந்தக் கணக்குகள் பெரும்பாலும் இல்லை. முள்ளைச் சரியாகக் கோட்டில் நிறுத்தி டிஜிட்டலைப் படித்தால் போதும். இயந்திரம் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகலாம். 1.6 வகுப்பு, 100 பார் கேஜுக்கு 1.6 பார் வரை விலகல் அனுமதி உண்டு. அதற்கு 0.1 பார் மாஸ்டர் தாராளம், கற்களைச் சுமப்பது வீண்வேலை. அந்த மாஸ்டரையே சரிபார்க்கும் நாளில் கற்களை எடுங்கள்.

ஆக்சிஜன் கேஜை மட்டும் எண்ணெய் டெஸ்டரில் மாட்டவே வேண்டாம். உள்ளே தங்கும் துளி எண்ணெய் அழுத்தமான ஆக்சிஜனில் தீப்பற்றும்.