மலப் பரிசோதனைக்கு இந்த லேப், தர்மபுரி: மூணு ஸ்டார்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்துக்குள் இருக்கிற லேப், பேர் வேண்டாம். அஞ்சுக்கு மூணு ஸ்டார், அந்த மூணும் காலையில் மைக்ரோஸ்கோப் பார்க்கிற அக்காவுக்குத்தான்.

அப்பாவுக்கு ஏஎல்எல் என்கிற ரத்தப் புற்றுநோய், சிகிச்சையில் ஸ்டீராய்டும் உண்டு. பாலக்கோடு பக்கம் தக்காளித் தோட்டத்தில் வாழ்நாள் முழுக்கச் செருப்பில்லாமல் நின்றவர். அதைக் கேட்டதுமே பெங்களூரு டாக்டர், ஸ்டீராய்டு தொடங்கும் முன் மூன்று தனித்தனி நாளில் மலம் டெஸ்ட் எடுங்கள் என்றார். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்று ஒரு நுண்புழு, மண்ணிலிருந்து பாதத் தோல் வழியாக ஏறுமாம், உடம்புக்குள்ளேயே பெருகி இருபது முப்பது வருஷம்கூடச் சத்தமில்லாமல் கிடக்கும், ஸ்டீராய்டு போனதும் கட்டு மீறி நுரையீரல் வரை பரவி, குடல் கிருமிகளையும் ரத்தத்துக்குள் இழுத்துக்கொண்டு போகும். உயிருக்கே ஆபத்து.

கவுண்டர் தம்பியிடம் சொன்னால், "ஒரு சாம்பிள் போதும்ணா, எல்லாரும் அப்படித்தான் கொடுக்கறாங்க" என்கிறார். முதல் ரிப்போர்ட்: புழு முட்டை இல்லை, சிஸ்ட் (கிருமியின் கூடு) இல்லை, நார்மல். ஆனால் இந்தப் புழுவுக்கு மலத்தில் தெரிவது முட்டை இல்லை, லார்வா என்கிற குட்டிப்புழு, அதுவும் எல்லா நாளும் சிக்காது. புழு இருந்தால் ரத்தத்தில் கூடுகிற ஈசினோபில் என்ற வெள்ளணுவும் சரியாகத்தான் இருந்தது (அதை நம்பாதீங்க என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்).

இரண்டாம் நாள் கொடுத்த டப்பா மத்தியானம் வரை மேஜையிலேயே கிடந்தது. கேட்டால் பதில் இல்லை. மூன்றாம் நாள் ஏழு மணிக்கே போய் நேராக அக்கா கையில் கொடுத்தேன். பழைய சாம்பிளில் கொக்கிப்புழு முட்டையே பொரிந்து, அந்த லார்வாவும் இதே மாதிரி தெரிந்து குழப்பும், இப்படிப் புதுசாக் கொண்டாங்க என்று சொல்லிக்கொண்டே ஸ்லைடு போட்டவர், கொஞ்ச நேரத்தில் "தம்பி, நெளியுது பாருங்க" என்று கூப்பிட்டுக் காட்டினார். வயிறு கலங்கிவிட்டது.

அன்றே டாக்டருக்குப் படம் அனுப்பினோம். எடை பார்த்து ஐவர்மெக்டின் என்கிற புழு மருந்து கொடுத்தார். ஸ்கூலில் கொடுக்கிற பூச்சி மாத்திரை அல்பெண்டசோல் இதற்கு அவ்வளவாகக் கேட்காதாம்.

அப்புறம் கீமோ நடுவில் பேதி வந்தபோது கிரிப்டோஸ்போரிடியம் என்கிற குடல் கிருமி இருக்கா என்று பார்க்கச் சொன்னார்கள். அதற்குத் தனிச் சாயம் வேண்டும், இங்கே இல்லை, சேலம் அனுப்பி வர மூணு நாள். நல்லவேளை அது இல்லை. அந்தக் கிருமி குளோரினுக்குச் சாகாது என்பதால் வீட்டில் குளோரின் போட்டு வருகிற ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரையும் கொதிக்கவைத்தே கொடுக்கிறோம்.

பில் நியாயம்தான், வண்டி நிறுத்த இடமில்லை. போனால் எட்டு மணிக்குள் போங்கள், ஞாயிறு அக்காவுக்கு லீவு.