20 ஆண்டு டானியா, வின்டேஜா? திறந்த பிறகுதான் வித்தியாசம்

நல்ல போர்ட் வைன் ஒரு பாட்டில் வாங்கலாம் என்று விசாரித்தால் பெரும்பாலும் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும்: 20 ஆண்டு டானி, வின்டேஜ் போர்ட். பேரும் புகழும் வின்டேஜுக்குத்தான். ஆனால் வீட்டில் குடிப்பவர் ஒருவரோ இருவரோ என்றால் என் ஓட்டு டானிக்கு.

இரண்டும் போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்குத் திராட்சைதான். சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே 77 விழுக்காடு ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுவார்கள். வழக்கமான கணக்கு 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் சாராயம். அதனால்தான் இனிப்பு தங்குகிறது, ஆல்கஹாலும் 20 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது.

வழி பிரிவது அதன் பிறகு. வின்டேஜ் ஒரே ஆண்டு அறுவடை. மரப் பீப்பாயில் இரண்டு, மூன்று ஆண்டுகள்தான் இருக்கும். பிறகு பாட்டிலுக்குள் போய்க் காற்றுப்படாமல் பல பத்தாண்டுகள் முதிரும். நிறம் கருஞ்சிவப்பு, துவர்ப்பு தூக்கல், அடியில் கசடு. டானிக்கு வயது ஏறுவது முழுக்கப் பீப்பாயில்தான். சுமார் 550 லிட்டர் பிடிக்கும் அந்தப் பீப்பாய்களுக்குப் 'பைப்' என்று பெயர். புதுப் பீப்பாய் உதவாது. வைனுக்கு வேண்டியது மரவாசம் அல்ல, மரத்தின் வழியே மெல்லக் கசிந்து வரும் காற்று. ஆண்டுக்கு 2 விழுக்காடு ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால் 20 ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், 40 ஆண்டில் பாதிக்கும் மேல். விலை ஏன் அப்படி என்பதற்குப் பாதி விடை இதுதான்.

சிவப்பு வெளுத்துத் தேன் நிறத்துக்கு வரும். பழைய டானியைக் கோப்பையில் சாய்த்துப் பார்த்தால் விளிம்பில் லேசான பச்சைகூடத் தெரியும். பழவாசம் பின்வாங்கி, வால்நட், உலர்ந்த அத்தி, ஆரஞ்சுத் தோல், கருக்கிய சர்க்கரை எல்லாம் முன்னே வரும். கூடவே நம் மூக்குக்குப் பழகிய ஒன்றும் உண்டு: வெந்தயம். வெந்தயத்துக்கு அந்த மணத்தைத் தருகிற சோட்டலான் என்னும் சேர்மம்தான் பீப்பாயில் ஆண்டு ஏற ஏற டானியிலும் கூடுகிறது. அஞ்சறைப் பெட்டியோடு வளர்ந்தவர்கள் இதைச் சட்டென்று பிடித்துவிடுவார்கள்.

இனி என் ஓட்டுக்கான காரணம். 750 மில்லி பாட்டிலில் 60 மில்லி வீதம் ஊற்றினால் 12 கோப்பை. வின்டேஜைத் திறந்தால் அந்தப் பன்னிரண்டும் இரண்டு நாளில் தீர வேண்டும். காற்றையே அறியாமல் இருந்த வைன் அது. காற்றுப் பட்டதும் பழவாசம் மளமளவென்று இறங்கிவிடும். டானியோ இருபது வருஷம் காற்றோடு குடித்தனம் நடத்திவிட்டு வந்தது. இன்னும் கொஞ்சம் காற்று அதைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. மூடி ஃபிரிட்ஜ் கதவில் நிறுத்தினால் மூன்று, நான்கு வாரம் தைரியமாக வைத்துக் குடிக்கலாம். கறாராக நாள் குறிக்க முடியாது. பாட்டிலில் எவ்வளவு மிச்சம் என்பதைப் பொறுத்தது. பாதி காலியானதும் 375 மில்லி பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி மூடிவிட்டால் இன்னும் தாங்கும். வால்நட் மணம் மங்கிச் சப்பென்று ஆனால் முடிந்தது என்று பொருள். நகப்பூச்சு வாசம் லேசாக வந்தால் பயம் வேண்டாம், மிகப் பழைய டானியில் அது இயல்பு. மூக்கில் குத்தினால்தான் கோளாறு.

திறப்பதிலும் டானி லேசு. கையால் திருகி எடுக்கும் தக்கை, கசடு கிடையாது, நேராக ஊற்றலாம். பழைய வின்டேஜ் என்றால் முதல் நாளே நிமிர்த்தி வைத்துக் கசடு இறங்க விட வேண்டும். உதிரும் தக்கையைப் பொறுமையாக எடுத்து, கழுத்துக்குப் பின்னால் விளக்கு வைத்து ஒரே சாய்வில் ஊற்றி, கசடு கழுத்துக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். நடுவில் நிமிர்த்தினால் எல்லாம் கலங்கிவிடும்.

டானி வாங்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, வின்டேஜ் மாதிரி படுக்க வைத்துப் பல வருஷம் பத்திரப்படுத்துவது. பாட்டிலில் டானி மேம்படாது, புத்துணர்ச்சிதான் குறையும். நிமிர்த்தி வையுங்கள், சீக்கிரம் திறங்கள். 12 முதல் 16 டிகிரியில் ஊற்றினால் சரியாக இருக்கும். சூடு ஏறினால் சாராய நெடிதான் முந்தும்.

லேபிளில் உள்ள 20, ஒவ்வொரு துளியின் வயதும் அல்ல. பல ஆண்டு வைன்களின் கலவை அது. அந்த வயதுக்குரிய சுவை இருக்கிறதா என்று போர்ட் வைனுக்கான அரசு நிறுவனத்தின் சுவைக் குழு பார்த்து அனுமதிக்கிறது. 10 ஆண்டு வகையில் பழம் இன்னும் தூக்கலாக இருக்கும். 40 ஆண்டு அபாரமான அடர்த்தி, ஆனால் இரண்டாவது கோப்பைக்குக் கை நீள்வதில்லை. ஒரே அறுவடையில் வந்த டானி வேண்டுமென்றால் கொல்யேட்டா என்று கேளுங்கள். குறைந்தது ஏழாண்டு மரத்தில் இருந்தது.

எட்டுப் பேர் கூடும் விருந்து, பிள்ளை பிறந்த ஆண்டின் பாட்டிலை அவன் 25 வயதுக்கு எடுத்து வைப்பது, இதற்கெல்லாம் வின்டேஜ்தான். அங்கே டானி போட்டிக்கே வராது. மற்ற நாளுக்கு டானி வாங்கப் போனால் பின் லேபிளில் பாட்டிலில் அடைத்த ஆண்டு இருக்கிறதா என்று பார்த்து, இருப்பதில் புதியதை எடுங்கள்.