விளக்கடியா, இருட்டா: சிலந்தி வலை கட்ட எந்த இடம் லாபம்?

இரை மட்டும்தான் கணக்கு என்றால் விளக்கடிதான். வியன்னாவில், டானூப் கால்வாய் மேல் உள்ள நடைபாலத்தில் ஆஸ்ட்ரிட் ஹைலிங் செய்த ஆய்வு (1999) இதைத் தெளிவாகக் காட்டியது. குழல்விளக்கு எரியும் கைப்பிடிப் பகுதிகளில் பாலச் சிலந்திகள் நெருக்கியடித்து வலை கட்டியிருந்தன. அங்கே பூச்சிகளும் அதிகம் சிக்கின. ஆய்வகத்திலேயே வளர்ந்த சிலந்திகளும் வெளிச்சமான இடத்தையே தேர்ந்தெடுத்தன. அனுபவப் பாடம் இல்லை, பிறவிக் குணம்.

சரி, அப்படியானால் இருட்டில் என்ன இருக்கிறது? உடம்பு இருக்கிறது. ஆஸ்திரேலியத் தோட்டச் சிலந்தி ஒன்றை மெல்போர்னில் ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தார்கள் (2018). இரவில் தெருவிளக்கு அளவு வெளிச்சம் பட்டவை குறைந்த தடவையே தோலுரித்தன, சீக்கிரமே முதிர்ந்தன, ஆனால் சிறுத்துப்போயின. குஞ்சுப் பருவத்தில் நாளொன்றுக்குச் சாகும் விகிதம் அதிகம்; பெண் சிலந்திகள் இட்ட முட்டைகளும் குறைவு. விளக்கடியில் விருந்து பலமாக இருந்தாலும் வாடகை கொஞ்சம் அதிகம்தான்!

எல்லாச் சிலந்திக்கும் ஒரே விடை கிடையாது. வீட்டு மூலைகளில் ஒட்டடை கட்டும் முக்கோணக் குறிச் சிலந்தியில், கிராமத்துத் தாய்களின் குஞ்சுகள் இருட்டுப் பக்கமே வலை கட்டின. நகரத்துத் தாய்களின் குஞ்சுகளுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். என் ஓட்டு, இரை தாராளமாகக் கிடைக்கும் தோட்டமாக இருந்தால், இருட்டுக்கே. வெறும் இரும்புப் பாலமா? அங்கே விளக்கடிதான்.