ஏஆர்-15 ரிசீவரின் ஆட்டம்: விட்டுவிடுவதா, இறுக்குவதா?

அமெரிக்காவில் ஏஆர்-15 வகைத் துப்பாக்கியைப் புதிதாக வாங்குபவர்களில் பலர், அதைக் கையில் எடுத்து அசைத்துப் பார்த்தவுடன் மேல் ரிசீவரும் கீழ் ரிசீவரும் (துப்பாக்கியின் இயங்கும் பாகங்களைத் தாங்கும் கூட்டின் இரு பாதிகள்) ஒன்றோடொன்று ஒட்டாமல் லொடலொடப்பதைக் கண்டு, வாங்கிய பொருளில் ஏதோ பழுது இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இவ்விரு பகுதிகளையும் பிணைத்து வைத்திருப்பவை முன்னும் பின்னுமாகச் செருகப்படும், கால் அங்குல விட்டமுள்ள இரண்டு பின்கள் (ஆணி போன்ற சிறு உருளைத் தண்டுகள்) மட்டுமே. எந்த மேல் ரிசீவரும் எந்தக் கீழ் ரிசீவரின் மீதும் பொருந்த வேண்டும், கருவி எதுவும் இல்லாமல் விரலாலேயே பின்னைத் தள்ளிப் பிரிக்க வேண்டும் என்றால் துளைக்கும் பின்னுக்கும் இடையே சிறிது இடைவெளி இருந்தே தீரும். ராணுவத்துக்கென வளர்ந்த வடிவமைப்பில் அந்த இடைவெளி தெரிந்தே விடப்பட்டது.

இந்த ஆட்டம் குறியைக் கெடுக்குமா என்பதுதான் கேள்வி. ஏஆர்-15-க்கு அடிப்படையான யூஜின் ஸ்டோனரின் வடிவமைப்பில் குழல் மேல் ரிசீவரில் நட்டு கொண்டு இறுக்கப்பட்டிருக்கிறது. தோட்டாவைத் தாங்கும் போல்ட்டின் பற்கள் குழலின் பின்முனையிலுள்ள நீட்சியிலேயே பூட்டிக்கொள்கின்றன. குறிபார்க்கும் கருவியான சைட், இரும்புச் சைட் ஆனாலும் தொலைநோக்கிச் சைட் ஆனாலும், மேல் ரிசீவரிலோ குழலிலோதான் அமர்கிறது. குழலும் சைட்டும் ஒரே துண்டின் மேல் இருக்கும்போது, அதன் கீழே சுடும் விசையையும் (டிரிக்கர்) தோளில் ஊன்றும் கட்டையையும் தாங்கும் பகுதி சற்றே அசைவதால் அவற்றுக்கிடையே உள்ள கோணம் மாறப்போவதில்லை.

இதற்கு நேர்மாறான துப்பாக்கி பெல்ஜியத்தின் எஃப்என் எஃப்ஏஎல். அதன் வழிவந்த 1ஏ1 இந்தியாவின் ஈஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்பட்டு நம் படையினரிடம் நெடுங்காலம் புழங்கியது. அதில் முன் சைட் குழலோடும், பின் சைட் கீழ் ரிசீவரோடும் இருக்கின்றன. இரண்டு சைட்டுகளுக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 55 செ.மீ. என்பதால், இரு ரிசீவர்களையும் பிணைக்கும் பூட்டு தேய்ந்து பின் சைட் 0.1 மி.மீ. மேலும் கீழும் ஆடினாலே 100 மீட்டரில் குண்டு விழும் இடம் சுமார் 18 மி.மீ. நகரும், 300 மீட்டரில் 5 செ.மீ.க்கும் மேல் நகரும். எஃப்ஏஎல்லில் ஆட்டம் தெரிந்தால் பூட்டையும் கீல்-பின்னையும் சரிசெய்வதில் தயக்கமே கூடாது. அதே துப்பாக்கியில் தொலைநோக்கியை மேல் ரிசீவரின் மூடியில் பொருத்திச் சுடுபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே மூடி ஆடாமல் இருக்கிறதா என்பதே முதன்மை.

ஏஆர்-15-க்குத் திரும்பினால், ஆட்டத்தை அடக்க விற்கப்படும் வழிகளில் மலிவானது பின்புறப் பின்னுக்கு அருகே, கீழ் ரிசீவரின் குழிக்குள் வைக்கப்படும் ரப்பர் ஆப்பு. லொடலொடப்பு உடனே அடங்கும்; ஆனால் அந்தப் பின் இறுகிப்போய் விரலால் தள்ள முடியாமல் போவதும், ஆப்பைக் கத்தியால் சீவிச் சீவிப் பொருத்த வேண்டியிருப்பதும் வழக்கம். மேல் ரிசீவரின் முன்பக்கக் காதில் (பின் நுழையும் துளையுள்ள நீட்சி) ரப்பர் வளையமான ஓ-ரிங் மாட்டுவதும் இதே இனம்தான். இவற்றைவிட நேர்த்தியானது சில கீழ் ரிசீவர்களில் முன்கூட்டியே அமைக்கப்பட்டிருக்கும் இழுவிசை மரையாணி: கைப்பிடிக்குள்ளிருந்து அறுகோணச் சாவியால் திருகினால், நைலான் முனை மேல் ரிசீவரின் பின்காதை மேல்நோக்கித் தாங்கிக்கொள்ளும், வேண்டாதபோது தளர்த்திவிடலாம். வேறு காரணத்துக்காகப் புதிய கீழ் ரிசீவர் வாங்குபவர் இந்த வசதி உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். இதற்காகவே மாற்றுவது வீண். எபாக்சிப் பசையால் உட்பரப்பை நிரப்பி அச்சாகப் பொருத்துவது மிக இறுக்கமான முடிவைத் தரும். ஆனால் அதன்பின் அந்த மேல் ரிசீவர் அந்தக் கீழ் ரிசீவருக்கு மட்டுமே உரியதாகிவிடும். மாற்றிப் பொருத்தும் வசதியே இந்தத் துப்பாக்கியின் பெரிய பலம் என்றிருக்க, அதை ஒரு சத்தத்துக்காக விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இறுக்கத்தால் பயனே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கன்னமும் தோளும் கட்டையில்தான் படிகின்றன. கட்டையோ கீழ் ரிசீவரில் இருக்கிறது. மேசையில் மணல்மூட்டை மீது வைத்துச் சுடுபவருக்கு, விசையை இழுக்கும்போது மேல் பாதி கீழ்ப் பாதியின் மீது நழுவுவது போன்ற உணர்வு இருந்தால் பிடி ஒரே மாதிரியாக அமையாது. போட்டிகளில் சுடுபவர்கள் மரையாணியை விரும்புவதில் இந்த நியாயம் உண்டு. ஆனால் குழலின் நீட்சி மேல் ரிசீவரில் தளர்வாக உட்கார்ந்திருந்தால் குழலே ரிசீவரிலுள்ள சைட்டிலிருந்து விலகி ஆடும். செலவிட வேண்டிய இடம் அதுதான், குலுக்கினால் கேட்கும் இடம் அல்ல.

உண்மையிலேயே கவனிக்க வேண்டிய ஆட்டம் வேறு வகையானது. பின்கள் நுழையும் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தாலோ, காதில் விரிசல் தெரிந்தாலோ, பின்னைப் பிடித்து நிறுத்தும் சிறு ஸ்பிரிங் பழுதாகிச் சுடும்போது பின் தானாக வெளியேறினாலோ ஆப்பு வைத்து மூடிமறைப்பது ஆபத்து. ஸ்பிரிங்கை மாற்றலாம், விரிசல்விட்ட ரிசீவரை ஒதுக்கிவிட வேண்டும். கோல்ட் நிறுவனத்தின் பழைய ஏஆர்-15 ஆன எஸ்பி1 வகையின் முன் துளை இப்போதைய அளவைவிடப் பெரியது என்பதால், அதன் மீது புதிய மேல் ரிசீவரைப் பொருத்தும்போது ஏற்படும் பொருந்தாமையும் தேய்மானம் அல்ல. அதற்கென்றே விற்கப்படும் மாற்றுப் பின்னைப் போட்டால் போதும்.